ஏட்டில் மட்டும் இருந்த 5,040 கோடி: தடயவியல் கணக்கியலால் மோசடியைத் தடுக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஒவ்வொரு வருடமும் ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான கோடியில் மோசடி வெளிவருகிறது. உடனே ‘தடயவியல் தணிக்கை’ என்று வேறொருவரைக் கூப்பிடுகிறார்கள். இவர் மட்டும் புதிதாக என்ன பார்த்துவிடப் போகிறார்? மோசடியைக் கட்டுப்படுத்த இது உதவுமா, இல்லை எல்லாம் முடிந்தபின் செய்யும் பிரேதப் பரிசோதனைதானா?

பாதிக்கு மேல் பிரேதப் பரிசோதனைதான். இந்த வேலையில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிரேதத்தை அறுத்துப் பார்த்தால்தான் இன்ன விஷம், இந்த வழியாக உள்ளே போனது என்று தெரியும். அந்த வழியை மற்ற வீடுகளில் அடைக்கலாம். கட்டுப்பாடு என்று எதையாவது சொல்ல முடியுமென்றால் அது அங்கிருந்துதான் வருகிறது.

வழக்கமான தணிக்கையாளர் செய்வது என்ன? கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றனவா என்று மாதிரிகளை எடுத்துப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார். பத்தாயிரம் பில்லில் நூறு பார்ப்பார். எதிரே இருப்பவர் திருடர் என்ற எண்ணத்தோடு அவர் உட்காருவதில்லை. 1896இல் இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை வழக்கில் நீதிபதி சொன்ன வாசகம் இன்றும் வணிகவியல் வகுப்புகளில் ஓடுகிறது: தணிக்கையாளர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. தடயவியல் கணக்காளர் அந்த மோப்ப நாய். ‘கணக்கு சரியா’ என்பதோடு அவர் நிற்பதில்லை. ‘இது நடந்ததா? நடந்தது என்று சொல்வது யார்? அவருக்கு இதில் என்ன லாபம்?’ என்று கேட்டுக்கொண்டே போகிறார். இன்னொரு வித்தியாசம், அவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் ஒருநாள் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கிழித்துப் பார்ப்பார் என்ற நினைப்போடு எழுதுவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சத்யம் கதையை எடுத்துக்கொள்வோம். பழைய கதைதான், ஆனால் இதைவிடத் தெளிவான பாடம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை.

2009 ஜனவரி 7. ஹைதராபாத்தின் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் இறுதிக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று இருக்கிறது, அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். வரவேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் பொய். வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பாக்கி 490 கோடி அதிகமாகக் காட்டப்பட்டிருக்கிறது. 1,230 கோடி ரூபாய்க் கடன் கணக்கிலேயே ஏறவில்லை. அந்தக் காலாண்டின் வருமானம் 2,700 கோடி என்று அறிவித்திருந்தார்கள், உண்மையில் 2,112 கோடி. இயக்க லாபம் 649 கோடி என்றது உண்மையில் 61 கோடி. இரண்டையும் கழித்துப் பாருங்கள், 588 கோடி என்று ஒரே விடைதான் வரும். பொய் வருமானத்துக்குச் செலவு கிடையாதே, அப்படியே லாபமாக இறங்கிவிட்டது.

புலி மேல் சவாரி செய்வதுபோல் இருந்தது, அது நம்மைத் தின்னாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போம். ஆரம்பத்தில் சின்ன இடைவெளிதான், வருடா வருடம் வளர்ந்துவிட்டது என்றும் சொன்னார். கடிதத்தில் மற்றதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டாலும் இந்த ஒன்று நம்பக்கூடியது. பெரும்பாலான கணக்கு மோசடி இப்படித்தான் தொடங்குகிறது, ‘இந்த ஒரு காலாண்டு மட்டும்’ என்று.

அந்தப் பொய் ஏன் வங்கி இருப்பில் போய் உட்கார்ந்தது என்று பலரும் யோசிப்பதில்லை. இரட்டைப் பதிவு முறையில் பொய்க்கு ஒரு வீடு வேண்டும். இல்லாத விற்பனைக்கு பில் போட்டால் ஒருபக்கம் வருமானம் ஏறும், மறுபக்கம் வாடிக்கையாளர் பாக்கி ஏறும். அந்த வாடிக்கையாளர் பணம் கொடுக்கப் போவதில்லை. ஆறு மாதத்தில் பாக்கி பழசாகிவிடும், ஆடிட்டர் ‘இது ஏன் வசூலாகவில்லை’ என்று கேட்பார். அதனால் வசூலானதாக எழுத வேண்டும். எழுதினால் அந்தப் பணம் வங்கியில் இருந்தாக வேண்டும். கோடிக்கணக்கில் பணம் நடப்புக் கணக்கில் சும்மா கிடக்குமா? வைப்புத்தொகையில் போட்டதாகக் காட்ட வேண்டும். வைப்புத்தொகைக்கு வட்டி வரவேண்டும், ஆகவே பொய் வட்டி. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது இங்கே அப்படியே பேரேட்டுப் பதிவாக நடந்திருக்கிறது. ராஜு கடிதத்தில் இருந்த தலைப்புகளை மறுபடி பாருங்கள்: பாக்கி, வங்கி இருப்பு, வட்டி. ஒரே பொய் இடம் மாறிய தடங்கள்.

விசாரணை இந்தத் தடங்களில் பின்னோக்கி நடந்தது. சிபிஐ கணக்கில் 7,561 போலி பில்கள். அவை வெளியே எங்கோ அச்சடித்தவை அல்ல, கம்பெனியின் சொந்த பில்லிங் மென்பொருளுக்குள்ளேயே போட்டவை. ஆனால் பில்லில் காட்டிய வாடிக்கையாளர் திட்டத்தில் வேலை செய்தவர்கள் திறந்து பார்த்தால் கண்ணில் படாதபடி மறைவுக் குறி போட்டிருந்தார்கள். கணக்கில் ஏறும், வேலை செய்தவனுக்குத் தெரியாது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சத்யத்தில் நல்ல பில் ஒன்று திடீரென்று பிறக்காது. முதலில் திட்டம் பதிவாக வேண்டும், ஊழியர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பது தனி மென்பொருளில் ஏற வேண்டும், அதிலிருந்து பில் கணக்காகி கடைசியில் பில் வரும். போலி பில்லில் கடைசிப் படி மட்டும் இருந்தது. அதற்கு அப்பனும் இல்லை, பாட்டனும் இல்லை. பில்லிங் மென்பொருளை மட்டும் ஆயிரம் தடவை பார்த்தாலும் இது தெரியாது. நான்கு மென்பொருள்களின் பதிவை ஒன்றோடு ஒன்று பொருத்தினால் ஒரு நாளில் தெரியும்.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருந்தது. வங்கியிடம் நேராகக் கேட்பது.

வங்கி இருப்பை உறுதி செய்யும் கடிதம் என்று ஒன்று உண்டு. தணிக்கையாளர் வங்கிக்கு எழுத வேண்டும், வங்கி தணிக்கையாளருக்கே நேராகப் பதில் அனுப்ப வேண்டும். நடுவில் கம்பெனி வரக்கூடாது. தணிக்கையின் அரிச்சுவடி இது. சத்யத்தில் அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் பதிலைப் பெறுவதையும் நிர்வாகத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் தணிக்கை நிறுவனமான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியக் கிளைகள் மேல் குற்றம் சாட்டியது. அந்த ஆணையத்துக்கு 60 லட்சம் டாலரும், அங்குள்ள தணிக்கை மேற்பார்வை வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் அவர்கள் கட்டினார்கள். கம்பெனி தரப்பில் வங்கி அறிக்கையும் வைப்புத்தொகை ரசீதும் போலியாகத் தயாராகிக்கொண்டிருந்தன. போலி ரசீது செய்தவரிடமே ‘இது அசலா’ என்று கேட்டதுபோல் ஆயிற்று.

சத்யம்தான் முதலா என்றால் இல்லை. 2003 டிசம்பரில் இத்தாலியின் பால் பொருள் நிறுவனமான பர்மாலட்டில் இதே கதை. கேமன் தீவுகளில் இருந்த அதன் துணை நிறுவனத்துக்கு பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ இருப்பதாக ஒரு கடிதம். வங்கி அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. கடிதம் போலி. சத்யத்துக்குப் பிறகாவது பாடம் படித்தார்களா? 2020 ஜூனில் ஜெர்மனியின் மின்னணுப் பணப் பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டில் 190 கோடி யூரோவைக் காணவில்லை. பிலிப்பைன்ஸின் இரண்டு வங்கிகளில் இருக்கிறது என்றார்கள். இரண்டு வங்கிகளுமே, காட்டப்படும் ஆவணங்கள் போலி, அந்த நிறுவனம் எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்றன. 17 வருடத்தில் மூன்று நாடுகள், மூன்று தொழில்கள், ஒரே ஓட்டை. ஏட்டுச் சுரைக்காயை எடுத்து எடை போடாமல் ஏட்டைப் பார்த்தே திருப்தி அடைந்தார்கள்.

வயர்கார்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே பத்திரிகைகளில் சந்தேகம் வலுத்தபின், 2019 அக்டோபரில் நிறுவனமே இன்னொரு பெரிய தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜியை அழைத்துத் தனிச் சிறப்புத் தணிக்கை செய்யச் சொன்னது. 2020 ஏப்ரல் இறுதியில் வந்த அறிக்கை ‘மோசடி நடந்தது’ என்று சொல்லவில்லை. பணம் இருக்கிறது என்று காட்டத் தேவையான ஆவணங்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னது. அது போதுமானதாக இருந்தது. இரண்டு மாதத்துக்குள் வழக்கமான தணிக்கையாளர் கையெழுத்துப் போட மறுத்தார், தலைவர் பதவி விலகினார், நிறுவனம் திவால் மனு கொடுத்தது. என் பார்வையில் தடயவியல் தணிக்கை தரக்கூடிய மிகப் பெரிய விஷயம் இதுதான்: ‘பார்த்தேன், கிடைக்கவில்லை’ என்று எழுதும் துணிச்சல்.

பெரிய கம்பெனிகளை விடுங்கள். நான் ஆடிட்டரிடம் பயிற்சியில் (ஆர்ட்டிகிள்ஷிப்) இருந்த காலத்தில் ஒரு நூற்பாலைக்கு என் சீனியரோடு போயிருந்தேன். இயந்திர உதிரிபாகம், பராமரிப்பு என்று செலவு ஏறிக்கொண்டே இருக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். நான் இரண்டு நாள் வவுச்சர் கட்டுகளோடு மல்லுக்கட்டினேன். எல்லாம் கச்சிதம்: பில், பொருள் வரவுச் சீட்டு, கையெழுத்து, சீல். சீனியர் பில்லைப் பார்த்ததைவிட வாட்ச்மேனோடு டீ குடித்த நேரம்தான் அதிகம். மூன்றாம் நாள் கேட் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நேரத்தையும் எழுதும் எண்ணெய் படிந்த நோட்டு. ஒரு குறிப்பிட்ட சப்ளையரின் பில் தேதிகளில் அந்த நோட்டில் எந்த வண்டியும் இல்லை.

“தம்பி, மேனேஜர் நோட்டுல பொய் இருக்கும். வாட்ச்மேன் நோட்டுல இருக்காது. அதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் திருத்தவும் மாட்டாங்க” என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இன்னொன்று கண்ணில் பட்டது, படவேண்டியது முதல் நாளே. அந்த சப்ளையரின் பில் எண்கள் 101, 102, 103 என்று வரிசையாக, எட்டு மாதம். அவருக்கு இந்த ஆலையைத் தவிர உலகத்தில் வேறு வாடிக்கையாளரே இல்லை! பில்லில் இருந்த விலாசம் ஸ்டோர் பொறுப்பாளரின் மாமியார் வீடு. தேனெடுத்தவன் புறங்கையை நக்கினால் யாரும் கேட்கப் போவதில்லை, இவர் கூட்டையே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

இதே உத்தியைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பீகார் மாட்டுத் தீவன ஊழல். 1996 ஜனவரியில் சாய்பாசாவில் கால்நடைத் துறை அலுவலகங்களில் நடந்த சோதனையில் வெடித்தது. மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றி வந்ததாகக் காட்டிய வண்டி எண்களைத் தணிக்கைத் துறை எடுத்துப் பார்த்தபோது அவற்றில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் போலீஸ் வேனும் இருந்தன. பில் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. வண்டிப் பதிவு அலுவலகத்தின் ஏட்டில்தான் எருமை ஸ்கூட்டரில் ஏறிய கதை இருந்தது.

கவனித்தீர்களா, வாட்ச்மேன் நோட்டு, வண்டிப் பதிவு ஏடு, வங்கியின் நேரடிப் பதில், ஊழியர்கள் வேலை நேரம் பதிந்த மென்பொருள். மோசடிக்காரன் கைவைக்க முடியாத, அல்லது கைவைக்க மறந்த இன்னொரு ஏட்டைத் தேடுவதுதான் இந்தத் தொழிலின் சாரம். புத்தகத்தில் இருக்கும் நுட்பங்கள் பலவும் இதன் வேறு வேறு வடிவங்கள்தான். இன்று அந்த இரண்டாவது ஏடு எளிதில் கிடைக்கிறது: ஜிஎஸ்டி வலைதளத்தில் சப்ளையர் தாக்கல் செய்தது, சரக்கு கொண்டுபோக எடுக்கும் இ-வே பில்லில் உள்ள வண்டி எண், சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பதிவு, டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி) விவரம். சத்யத்தின் வைப்புத்தொகை அசலாக இருந்திருந்தால் வங்கி வட்டியில் வரி பிடித்திருக்கும், பிடித்ததை வருமான வரித் துறைக்கும் சொல்லியிருக்கும். இல்லாத பணத்துக்கு யார் வரி பிடிப்பார்கள்?

பென்ஃபோர்ட் விதி பற்றிப் பலர் ஆசையாகக் கேட்பார்கள், அதனால் சுருக்கமாக. இயல்பாகச் சேரும் எண்களில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30 சதவீதம், 9 ஆக இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. மனிதன் இட்டுக்கட்டி எழுதும் எண்களில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் கெட்டுவிடும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலக் கருவூலத்தில் ஒரு மேலாளர் போலி சப்ளையர் பெயரில் 23 காசோலைகள், கிட்டத்தட்ட 19 லட்சம் டாலருக்கு எழுதினார். ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் கூடுதல் பார்வை விழும் என்று அதற்குக் கீழேயே நிறுத்தியதில், பெரும்பாலான தொகைகள் 7, 8, 9இல் தொடங்கின. பாடநூல்களுக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். என் அனுபவத்தில் இந்த விதி எங்கே முதலில் தோண்டலாம் என்று கைகாட்டும், அவ்வளவுதான். இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. 500 ரூபாய்க்கு மேல் வவுச்சருக்கு மேலாளர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு அலுவலகத்தில் விதி இருந்தால், நேர்மையானவன் வவுச்சரும் 490, 495 என்றுதான் வரும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. நிரூபிப்பது தனி வேலை. கணினியைத் திறந்து கோப்பைப் பார்த்த நிமிடமே அதன் தேதி விவரங்கள் மாறலாம். ‘நீங்களே மாற்றிவிட்டீர்கள்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதனால் முதலில் வன்தட்டை அப்படியே நகலெடுத்து, அதற்கு ஹாஷ் மதிப்பு என்ற எண் முத்திரையைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை மாறிவிடும். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எப்போது போனது என்று தேதி போட்டுப் பதிவு இருக்க வேண்டும். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கேட்கிறது, அந்தப் படிவத்தில் ஹாஷ் மதிப்புக்கே இடம் இருக்கிறது. ஆர்வக்கோளாறில் கம்பெனியின் ஐடி ஆளே சந்தேகத்துக்குரியவரின் லேப்டாப்பைத் திறந்து நோண்டி, நல்ல ஆதாரத்தைக் கெடுத்த கதைகள் நிறைய. சந்தேகம் வந்தால் லேப்டாப்பை எடுத்துப் பூட்டி வையுங்கள், தொடாதீர்கள்.

கணினி இல்லாத காலத்திலும் இந்தக் கவலை இருந்தது. சிகாகோ தாதா அல் கபோனின் சூதாட்ட விடுதிப் பேரேடுகள் 1926 சோதனையிலேயே அதிகாரிகளிடம் சிக்கிவிட்டன. சில வருடம் யாரும் கண்டுகொள்ளாமல் ஒரு அலமாரியில் கிடந்தன. வருமான வரித் துறையின் ஃபிராங்க் வில்சன் எடுத்துப் பார்த்தபோது லாபத்தைப் பங்கு பிரித்த கணக்கு தெரிந்தது, ஆனால் எழுதியது யார் என்று தெரியாமல் நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது? கையெழுத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு அந்த விடுதியின் காசாளரைக் கண்டுபிடித்துச் சாட்சியாக நிறுத்தினார்கள். 1931இல் கபோனுக்கு 11 வருடச் சிறை, வரி ஏய்ப்புக்காக.

இப்போது கட்டுப்படுத்துவது பற்றி. இங்கே கொஞ்சம் கசப்பாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. நம் ஊரில் தடயவியல் தணிக்கை பல இடங்களில் சடங்காகிவிட்டது. கடன் வாராக்கடனாகி வருடங்கள் ஓடியபின் வங்கிகள் அதற்கு உத்தரவிடும். கடன் வாங்கியவர் ஆவணம் தர மாட்டார். அறிக்கையில் பாதிப் பக்கம் ‘நிர்வாகம் அளித்த தகவலின் அடிப்படையில்’ என்ற பொறுப்புத் துறப்பாக இருக்கும். தயவுசெய்து யோசியுங்கள், நிர்வாகம் அளித்த தகவலை நம்பினால் அதற்குப் பெயர் தடயவியலா? இன்னொருபுறம், அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது என்று கடன் வாங்கியவரை ஒரு வார்த்தை கேட்காமலே மோசடிக் கணக்கு என்று முத்திரை குத்தினார்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அவர் தரப்பைக் கேட்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தி, விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்குப் பதில் தர குறைந்தது 21 நாள் அவகாசம் தரவேண்டும் என்றது. நல்ல மாற்றம், அரைகுறை அறிக்கைகள் இனி எளிதில் தாக்குப்பிடிக்காது.

கணக்கிலேயே வராத பணத்தையும் இந்தத் தணிக்கையால் நேராகப் பார்க்க முடியாது. கையில் கொடுத்த லஞ்சத்துக்கு பில் கிடையாது. அந்த இடத்தில் மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், ஆராய்ந்த வழக்குகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் துப்புக் கொடுத்து வெளிவந்தவை. வெளித்தணிக்கையில் சிக்கியவை 3 சதவீதம். மொட்டைக் கடுதாசி என்று நாம் இளக்காரமாகப் பேசுவதற்கு உலகம் முழுவதும் இருக்கும் மரியாதை இது. சத்யத்திலும் 2008 டிசம்பரில் ஒரு இயக்குநருக்குப் பெயர் மறைத்த மின்னஞ்சல் வந்தது, வங்கி இருப்பைச் சரிபாருங்கள் என்ற பாணியில். மூன்று வாரத்தில் ராஜுவின் கடிதமே வந்துவிட்டது.

அப்படியானால் தடுப்பு எங்கே என்றால், அறுத்துப் பார்த்தபின் அடைத்த ஓட்டைகளில். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சத்யத்தின் நிழலில் எழுதப்பட்டது. தணிக்கையில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத மோசடி தென்பட்டால் தணிக்கையாளர் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும் என்கிறது 143ஆம் பிரிவு. மோப்ப நாயாக இல்லாவிட்டாலும் கண்ணில் பட்டதற்குக் குரைக்கவாவது வேண்டும். தீவிர மோசடி விசாரணை அலுவலகத்துக்குச் சட்ட அந்தஸ்து வந்ததும் அதே சட்டத்தில்தான். 2020 அக்டோபரிலிருந்து, பட்டியலிட்ட கம்பெனியில் தடயவியல் தணிக்கை தொடங்கினால் பங்குச் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும் என்று சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதி வைத்தது. முன்பெல்லாம் சத்தமில்லாமல் நடத்தி சத்தமில்லாமல் மூடிவிடுவார்கள். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2023 ஏப்ரல் 1இல் வந்த விதி: கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும், அது எப்போது நடந்தது என்பதோடு பதிந்துவைக்க வேண்டும், அதை அணைக்க வசதி இருக்கக்கூடாது. மார்ச் 31 ராத்திரி பழைய பதிவைத் திறந்து எண்ணை மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும் வழக்கம் எத்தனை அலுவலகங்களில் இருந்தது என்று அந்த விதி வந்தபோது கிளம்பிய முனகலிலிருந்தே தெரிந்தது.

கடைசியாக பஞ்சாப் நேஷனல் வங்கி. 2018 பிப்ரவரியில் வெளிவந்தபோது 11,400 கோடி, பிறகு இன்னும் ஏறியது. மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் ஒரு துணை மேலாளர், வைர வியாபாரி நீரவ் மோதியின் நிறுவனங்களுக்கு உரிய அனுமதியும் பிணையும் இல்லாமல் உத்தரவாதக் கடிதங்களை, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பில் அனுப்பினார். அதை நம்பி மற்ற வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள் பணம் கொடுத்தன. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அவர் அதைப் பதியவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படாததால் ஒன்றுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை. மறுபடி அதே இரண்டு ஏட்டுக் கதைதான், ஆனால் இங்கே இரண்டு ஏடும் ஒரே கட்டடத்தில் இருந்தும் யாரும் ஒப்பிடவில்லை. அவர் 2017 மேயில் ஓய்வு பெற்றார். 2018 ஜனவரியில் அதே நிறுவனத்தினர் புதுக் கடிதம் கேட்டு வந்தபோது, அங்கே புதிதாக இருந்த அதிகாரி முழுத் தொகைக்கும் முன்பணம் கட்டச் சொன்னார். இதற்கு முன்னால் நாங்கள் கட்டியதே இல்லையே என்றார்கள். அதிகாரி பழைய பதிவைத் தேடினார், மையக் கணக்கில் ஒன்றும் இல்லை. பல வருட மோசடி அந்த ஒரு தேடலில் அவிழ்ந்தது.

இரண்டு மென்பொருள்களையும் 2018 ஏப்ரல் 30க்குள் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கெடு வைத்தது. அதைவிட மலிவான இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. முக்கியப் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியரை வருடத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், குறைந்தது 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொல்கிறது. அந்தப் பத்து நாளும் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்காருவார், அவருடைய கோப்புகளைத் திறப்பார். லீவே எடுக்காத கேஷியரை இவ்வளவு பொறுப்பானவர் உண்டா என்று பாராட்டும் முதலாளிகளிடம் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்: அவர் கடைசியாக எப்போது ஊருக்குப் போனார்?